பதினோரு பேர் இருந்த டிஸ்க்

பதினோரு பேரின் துபாய் வேலை தொள்ளாயிரம் ரூபாய்க்கு விலைபோயிருந்தது. விற்றவர் ஜபருல்லா, விற்றது இன்னதென்று அவருக்கே தெரியாது.

பெரம்பலூரில் அவர் நடத்திய டிராவல்ஸ் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்ப்பவள் அண்ணன் மகள் ஜரீனா. இருந்த ஒரே கம்ப்யூட்டருக்குள் சாஃப்ட்வேராலேயே இன்னொன்றை உருவாக்கி, அதைத்தான் சர்வராக ஓட்டினாள். மறுநாள் துபாய் கம்பெனிக்கு அனுப்பவேண்டிய விசா பேப்பர்கள் அதில் இருந்தன. பதினோரு ஊரில் அலைந்து ஸ்கேன் செய்தவை. மறுபடி சேர்க்க ஒரு நாள் போதாது.

அன்று காலை சர்வர் எழுந்திருக்கவே இல்லை. டிஸ்க் ஃபைலைக் காணோம் என்றது திரை. தேடினால், அந்த ஃபைல் இருந்த இரண்டாவது டிஸ்க்கையே காணோம். பெட்டியைத் திறந்தாள். கேபிள் மட்டும் தொங்கியது.

"சாச்சா, இங்க இருந்த டிஸ்க் எங்க?"

"அதுவா? நேத்து அரியலூர் ஸ்டுடியோக்காரருக்கு வித்துட்டேன். பாத்துட்டுத்தாம்மா வித்தேன். அம்மாம்பெரிய குடோன்ல ஒரே ஒரு மூட்டைதான் கெடந்துச்சு."

"அந்த ஒரு ஃபைல்தான் சாச்சா சர்வரே!"

ஸ்டுடியோவில் போனை எடுக்கவில்லை. இருவரும் பஸ் பிடித்தார்கள். அங்கே ஸ்டுடியோக்காரர் அய்யம்பெருமாள் கேசட்டிலிருந்து ஒரு கல்யாணத்தை அதே டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"நேத்தே ஃபார்மேட் பண்ணிட்டேங்க. திரும்ப வேணும்னா ரெண்டாயிரம்."

ஜபருல்லாவுக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டார். "ராத்திரியில குட்டி போட்டுச்சா? ஆயிரம்!"

"ஆயிரத்து எண்ணூறு."

"ஆயிரத்து நூறு!"

ஜரீனாவின் கண் திரையில் இருந்தது. ஃபார்மேட் செய்தாலும் பழசு அடியில் கிடக்கும். மேலே புதுசு எழுத எழுதத்தான் அழியும். இங்கே பேரம் நூறு நூறாக நகர, அங்கே மாப்பிள்ளை ஊர்வலம் ஏறிக்கொண்டே இருந்தது. நேராகப் போய் பிளக்கைப் பிடுங்கினாள்.

"ஏம்மா, தாலி கட்டப்போற நேரத்துல நிறுத்திட்டியே!"

"உங்க கல்யாணம் கேசட்ல பத்திரமா இருக்குங்க. எங்களுக்குக் கேசட் இல்ல. சாச்சா, அவர் கேட்டதைக் கொடுங்க."

ஆபீஸ் திரும்பி, அழிந்த ஃபைல்களைத் தோண்டியெடுக்கும் சாஃப்ட்வேரை ஓட்டினாள். சாயங்காலம் ஃபைல் வந்தது, அங்கங்கே அரித்துப்போய். சர்வர் பாதி எழுந்து நின்றுகொண்டு, இங்கே பழுது, சரிசெய்யவா என்று கேட்டது. ஆம். மறுபடி கேட்டது. ஆம். விரல் வலிக்க வலிக்க ஆம்.

"கேக்கறதுக்கெல்லாம் ஆமாங்கிறியே, இப்படியாம்மா யாவாரம் பண்றது?"

"நீங்க சித்த சும்மா இருங்க."

சர்வர் எழுந்தது. ஒவ்வொருவர் பேப்பராகத் திறந்து பார்த்தாள். தா.பழூர் தர்மனுடையது மட்டும் திறக்கவில்லை. அவர் இருந்த இடத்தில் ஊர்வலம் ஏறியிருந்தது.

"பத்து வந்துடுச்சேம்மா. ஒண்ணு போனாப் போவுது."

"அதைத் தர்மன்ட்டயே போயிச் சொல்லுங்க. சொல்லிட்டு, பேப்பரை வாங்கிக்கிட்டு காலையில முதல் பஸ்ல வந்துடணும். பேரம் பேசாம."

ஜபருல்லா செருப்பை மாட்டிக்கொண்டார்.

வந்தது பத்து. வரவேண்டியது ஒன்று.