ஆறுதலா ஒருக்கா உருட்டுங்கோ

இங்கிலாந்தில் இருந்தபோது தனேஸ்வரி படம் கீறி, மரம் அறுத்து, ஒட்டி எழுப்பிய விமானம் உலகத்திலேயே ஒன்றே ஒன்றுதான். இரண்டாவதைச் செய்ய ஒருவருக்கும் மனம் வரவில்லை, அவளுக்கும் சேர்த்துத்தான். ஒற்றை ஆள் ஏறி வானத்தில் குட்டிக்கரணம் போடவென்று செய்த மரச் சாமான் அது. இறக்கை பாரம் என்றார்கள், செதுக்கி மெலிதாக்கினாள். மூக்குப் பாரம் என்றார்கள், எஞ்சினை ஒரு சாண் பின்னுக்கு நகர்த்தினாள். கடைசியில் ஒரு வெள்ளைக்காரப் பைலட் இறங்கி வந்து, தடி அசைய மறுக்கிறது, இதை வானத்தில் ஒருதரம் பக்கவாட்டில் உருட்டுவதற்குள் தோள்மூட்டு கழன்றுவிடும் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தக் கோபம் ஆறுவதற்குள் அவளுக்கு மெல்பேர்னில் வேலை கிடைத்தது. விமானமும் இறக்கை கழற்றிக் கொண்டெய்னரில் பின்னாலேயே வந்து சேர்ந்தது.

மெல்பேர்ன் ஓரத்து வெரிபீயில், வீட்டுக் கராஜில் அது குந்திக்கொண்டதிலிருந்து கார் மழையிலும் வெயிலிலும் வெளியில்தான் நிற்கிறது. புருசன் வாசுதேவன் அந்தத் தொல்லைக்கு வைத்த பெயர் கரைச்சல். "உம்மட கரைச்சல் இண்டைக்கு என்ன சொல்லுது?" என்று கேட்டபடி தேத்தண்ணியோடு வருவார். கேலிதான், ஆனால் பிசின் காயும்வரை பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பவரும் அவர்தான்.

இங்கிலாந்தில் பழைய விமானங்களைக் காட்சிக்கு வைக்கும் ஒரு சின்ன நூதனசாலை, ஒன்றே ஒன்று செய்த விமானம் என்பதால் அதைக் கூரை முகட்டில் தொங்கவிடத் தரச்சொல்லிக் கேட்டிருந்தது. இந்தமுறைச் சோதனையும் சரிவராவிட்டால் கொடுத்துவிடுவோம் என்று தனேஸ்வரி வாய்விட்டுவிட்டாள். சொன்ன நாளிலிருந்து அவளுக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. பறக்கச் செய்த சாமானைக் கருவாடு மாதிரித் தொங்கவிட எந்தத் தாய்க்கு மனம் வரும்?

தோள்மூட்டு வருத்தத்துக்கு அவள் கண்ட மருந்து, இறக்கையின் பின்விளிம்பில் அசைகிற மடலுக்குக் கீழே ஒரு தட்டையான தகடு. பைலட் தன் கையிலுள்ள ஓட்டும் தடியைச் சாய்த்ததும் காற்று அந்தத் தகட்டைப் பிடித்துத் தள்ளி உதவும். குசினி அகப்பையை வைத்துத்தான் முதல் அளவு பார்த்தாள், ஆகவே அதற்குப் பெயரும் அகப்பை. ஒரேயொரு வில்லங்கம். அகப்பை கொஞ்சம் பெருத்துவிட்டால் காற்றே தடியைப் பறித்து இழுத்துவிடும், இறக்கை முறிந்தாலும் முறியும்.

சோதனை நாளில் விமானத்திடலுக்கு ஓட்ட வந்தவன் ரவீன், மலேசியத் தமிழன். வேலைக்குப் பயணிகள் விமானம், லீவுக்குக் குட்டிக்கரணம். அன்றைக்கு வெறும் திருப்பங்கள் மட்டும் என்று எல்லாம் இங்கிலிஷில் பேசி முடித்திருந்தார்கள். கண்ணாடி மூடியைச் சாத்தப்போன நேரத்தில்தான் அவளுக்கு ஆசை தாங்கவில்லை. ஆசை வந்தால் வாயில் தமிழும் வந்துவிடும்.

"எல்லாம் சரியா இருந்தால் கடைசியா ஆறுதலா ஒருக்கா உருட்டுங்கோ தம்பி."

ரவீன் அவளை நிமிர்ந்து பார்த்தான். முகம் இளகிப்போயிற்று. "கண்டிப்பா செய்றேன்க்கா. கவலப்படாதீங்க."

மேலே போனான், வலம் திரும்பினான், இடம் திரும்பினான். நல்ல பிள்ளை என்று அவள் நினைத்து முடிக்கவில்லை, விமானம் படீரென்று சுழன்றது. உருளவில்லை, பம்பரம் சுழல்வதுபோல் சுழன்றது. ஒருதரமல்ல, மூன்றுதரம்.

அவள் வாசுதேவனின் கையை இறுக்கிப் பிடித்ததில் தேத்தண்ணி முழுக்க அவர் காற்சட்டையில். "நான் ஆறுதலா எண்டெல்லோ சொன்னனான்," என்றாள். அந்த நேரத்தில் அவள் கடவுளிடம் கேட்டது ஒன்றுதான். விமானம் எந்த முகட்டிலாவது தொங்கட்டும், அந்தப் பொடியன் முழுசாக இறங்கினால் போதும்.

முழுசாகத்தான் இறங்கினான், பல்லெல்லாம் தெரிய.

"உங்களுக்கென்ன விசரே?" தனேஸ்வரிக்கு மூச்சு வாங்கியது. "ஆறுதலா எண்டுதானே சொன்னனான்?"

"அதனாலதான்க்கா மூணு தடவ போட்டேன். இத்தன வருஷம் மனசு நொந்து போயிருப்பீங்க, ஆறுதல் கேக்குறீங்க. ஒண்ணோட எப்படி நிறுத்துறது?"

வாசுதேவன் காற்சட்டையை உதறிக்கொண்டே சொன்னார், "தம்பி, யாழ்ப்பாணத்தில ஆறுதலா எண்டால் மெதுவா."

ரவீன் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டான். "நான் தடிய முழுசா சாய்ச்சேன் லா."

தனேஸ்வரியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாள்கணக்காக அவள் மனதை அரித்த கேள்வி ஒன்று இருந்தது. "தடி உங்களை இழுத்ததோ?"

"இல்லக்கா. ரெண்டு விரல்லயே போச்சு. விட்டதும் தானா நடுவுக்கு வந்துடிச்சு."

"எந்த ரெண்டு?"

அவன் காட்டினான். அவள் அந்த விரல்களைப் பிடித்துப் பார்த்தாள், சிரித்தாள், பிறகு அழுதாள். சந்தோசம்தான், வேறொன்றுமில்லை. மூன்றுதரம் அப்படி உருட்டச் சொல்லும் துணிவு அவளுக்கு இந்த வருசம் வந்திருக்காது.

"அப்ப நூதனசாலைக்காரருக்கு என்ன சொல்லுறது?" என்று கேட்டார் வாசுதேவன்.

"கொஞ்சம் ஆறுதலா இருக்கச் சொல்லுங்கோ."

ரவீன் தலையைத் தூக்கினான். "எந்த ஆறுதல்க்கா?"

"ரெண்டும்தான்," என்றாள் தனேஸ்வரி.