இரண்டு முறை கழித்த தூசி

என் அண்ணன் வானியலாளர். அவர் எழுதியதை எண்ணுவது என் பிழைப்பு. அதே நிறுவனத்தில் நான் நூலகர். மாதம் பிறந்தால் யார் எத்தனை கட்டுரை எழுதினார்கள், அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று பட்டியல் போட வேண்டும். அண்ணன் பெயரில் இருநூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள். ஒன்று மட்டும் ஆயிரத்து நூற்று நாற்பது மேற்கோள் வாங்கியிருந்தது. நம் பால்வீதியின் ஓரத்து நட்சத்திரக் கூட்டங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்ற அட்டவணை அது. மற்றதெல்லாம் கூட்டம் சேர்க்க வந்தவை. இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

அவர் ஓய்வு பெறுவதற்குள் பாராட்டு மலர் ஒன்று போட்டுவிட வேண்டும் என்று இயக்குநர் ஒற்றைக்காலில் நின்றார். தொகுப்பது நான். பழைய தாள்களுக்காக அண்ணனின் அலமாரியைக் குடைந்தபோது அடித்தட்டில் ஒரு கைப்பிரதி கிடைத்தது. எழுதியவள் பெயரைப் பார்த்ததும் ஆளைத் தெரிந்துவிட்டது. குச்சி.

குச்சி என்பது நான் வைத்த பெயர். அவ்வளவு ஒல்லி. வேறொரு பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி மாணவி. பதினோரு வருடத்துக்கு முன் எங்கள் நூலகத்தில் உட்கார்ந்து பழைய வானோக்குப் பதிவேடுகளைப் புரட்டினாள். பதிவேட்டின் முதல் பக்கத்தை யாரும் படிப்பதில்லை, நேரே எண்களுக்குத் தாவிவிடுவார்கள். இவள் படித்தாள். நடுவிலுள்ள தூசி நட்சத்திர ஒளியை மங்கலாக்கும். தூரம் கணக்கிடும் முன் அந்த மங்கலைக் கழிக்க வேண்டும். 'கழித்தாயிற்று' என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. தன் அட்டவணையைப் போட்டபோது அண்ணன் அதைப் பார்க்காமல் இன்னொரு முறை கழித்திருக்கிறார். நட்சத்திரங்கள் கூடுதல் பிரகாசமாகி, இருக்கும் இடத்தைவிடக் கிட்டே வந்துவிட்டன.

இதைத்தான் குச்சி எழுதியிருந்தாள். ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரர்கள், விஷயம் தெரிந்தவர் என்று, மதிப்பிடச் சொல்லி அண்ணனுக்கே அனுப்பியிருக்கிறார்கள். மதிப்பிடுபவர் பெயர் வெளியே வராது. ஓரத்தில் அண்ணனின் கையெழுத்து: 'புதிதாக ஒன்றுமில்லை. நிராகரிக்கலாம்.'

அதை அவர் மேசைமேல் போட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியும்மா. அவ எழுதினதைப் படிச்ச அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சே அந்தப் பொண்ணு வாயில மண்ணைப் போட்டீங்களா?"

"என்கிட்ட அப்ப பதினாலு பேர் வேலை பாத்தாங்க. எல்லாரும் அந்த அட்டவணையை நம்பித்தான் நின்னாங்க. பயந்துட்டேன்."

"இப்பவாவது திருத்தம் எழுதுங்க. கண்டுபிடிச்சது அவதான்னு பேர் போட்டு எழுதுங்க."

சரி என்று தலையை ஆட்டினார். நான் அன்றே குச்சியைத் தொலைபேசியில் பிடித்தேன். கட்டுரை நின்றதில் பட்டம் நின்று, பட்டம் நின்றதில் எல்லாம் நின்று, இப்போது ஒரு மருந்துக் கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப நான் போட்ட கணக்கு சரிதானாக்கா?"

"சரிதான்டி."

"நான்தான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்னு இத்தனை வருஷமா நெனச்சிட்டு இருந்தேன். என் பேர் வருமா?"

"வரும். நான் பொறுப்பு."

ஒரு வாரத்தில் திருத்தத்தின் வரைவு என் கைக்கு வந்தது. 'என் பழைய கணக்கில் நான் ஒரு பிழையைக் கண்டேன்' என்று தொடங்கியது. குச்சியின் பெயர் எங்குமில்லை. அண்ணனிடம் ஓடினேன்.

"அவ பேரைப் போட்டா, அன்னிக்கு நிராகரிச்சது யாருன்னு தோண்டுவாங்க. மலர்ல என் பேருக்குக் கீழ உன் பேரும் இருக்கு. யோசிச்சுப் பாரு."

யோசித்தேன். யோசித்ததுதான் நான் செய்த பாவம். இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தேன்.

திருத்தம் வெளியானதும் துறையே தலையில் தூக்கி வைத்து ஆடியது. தன் தவறைத் தானே ஒப்புக்கொண்ட மாமனிதராம். மலர் வெளியீட்டில் இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆறு மாதத்தில் அந்தத் திருத்தத்துக்கு முந்நூறு மேற்கோள். பட்டியலில் நான்தான் ஏற்றினேன்.

நேற்று மதியம் குச்சி நூலகத்துக்கே வந்துவிட்டாள். கிடங்குச் சட்டையோடு, கையில் திருத்தத்தின் நகல். ஒல்லி அப்படியேதான் இருந்தது.

"அக்கா, இதுல ஏதாவது பக்கம் விட்டுப்போச்சா? மூணு தடவை படிச்சிட்டேன். நான்தான் சரியாப் பாக்கலையோ என்னவோ."

"உக்காரு, பாக்கறேன்" என்று நகலை வாங்கிக்கொண்டேன். அவள் எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மொத்தம் நான்கே பக்கங்கள். நான் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தேன்.