விமானியோட தலையைக் காணோம்

எங்க வீட்டுக்காரருக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. பிளாஸ்டிக் விமானம் ஒட்டுற பழக்கம் உண்டு. குடியையாவது நாலு பேர் புத்தி சொன்னா விட்டுடுவாங்க.

பெட்டி வாங்கிட்டு வருவார். உள்ள சாம்பல் கலர்ல சட்டம் சட்டமா இருக்கும், அதுல துண்டு துண்டா ரெக்கையும் சக்கரமும் தொங்கும். ஒவ்வொண்ணா நறுக்கி, ஓரம் தேய்ச்சு, ஒட்டி, பெயிண்ட் அடிப்பார். பளபளன்னு ஆனதும் என்ன செய்வார் தெரியுமா? அதுமேல சேறும் துருவும் வரைஞ்சு அழுக்காக்குவார்! நான் மாங்கு மாங்குன்னு வீட்டைத் துடைக்கிறேன், இவர் உட்கார்ந்து அழுக்குப் பூசுறார். சேறு தெளிக்க எடுத்தது என் பல் பிரஷ்ஷை. கேட்டா, "பழசுன்னு நெனச்சேன்"ங்கிறார்.

வருஷா வருஷம் மாடல் போட்டி நடக்கும். வருஷா வருஷம் அதுல கலந்துக்கிற ஒரு பல் டாக்டருக்குத்தான் முதல் பரிசு. பல்லு சுரண்டுற கருவியெல்லாம் வச்சிருக்கிற ஆளோட இவர் எப்படி மல்லுக்கட்டுறது? ஜெயிச்சா ஜெயிச்சுட்டுப் போகட்டும். கப்பைத் தூக்கிக்கிட்டு நேரா எங்க மேசைக்கு வந்து, இவர் தோளைத் தட்டி, "நல்ல முயற்சி"ன்னு சொல்லுவார் பாருங்க, எனக்குப் பத்திக்கிட்டு வரும். இவர் வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் சரியா சாப்பிடமாட்டார்.

இந்தத் தடவை விடக்கூடாதுன்னு மாசக்கணக்கா ஒரு பழைய காலத்து ரெட்டை ரெக்கை விமானத்தை ஒட்டினார். அதுக்குக் கூரை கிடையாது, விமானி காத்தோட்டமா உட்கார்ந்திருப்பார். அவர் தலை மிளகு அளவுகூட இருக்காது. அதுல கண்ணு, மீசை, தோல் தொப்பி எல்லாம் மூச்சை அடக்கிக்கிட்டு வரைஞ்சிருந்தார். சும்மா சொல்லக்கூடாது, மீசை அம்சமா இருந்தது.

போட்டி அன்னைக்குக் காலையில கொண்டை போட்டுக்கிட்டுக் கண்ணாடி முன்னாடி நிக்கிறேன், புருவம் பிடுங்குற என் இடுக்கியைக் காணோம். எங்க போயிருக்கும்? இவர் கையில! அதால விமானியோட தலையைப் பிடிச்சு, தொட்டா ஒட்டிக்கிற பசையில முக்கி எடுத்துக்கிட்டிருக்கார். வந்ததே எனக்குக் கோபம். பின்னாடி போய் நின்னு, காதுகிட்ட, "ஏங்க!"ன்னு ஒரே கத்து.

மனுஷனுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இடுக்கி டிக்குன்னுச்சு. தலை எகிறிப் போயிடுச்சு. கத்தின ஆத்திரம் அடங்கல, என் பின்கழுத்துல வேற ஒரு கொசு. பட்டுன்னு ஒண்ணு வச்சேன்.

ரெண்டு பேரும் தரையில தவழ்ந்தோம். டார்ச்சைத் தரையோட படுக்க வச்சா தூசிக்குக்கூட நிழல் விழும்னார். விழுந்தது. எங்க வீட்டுத் தூசியோட லட்சணம் எனக்கே அன்னைக்குத்தான் தெரிஞ்சது. போன வருஷம் தொலைஞ்ச என் கம்மல் திருகு கிடைச்சது. தலை கிடைக்கல. இவர் தரையிலேயே உட்கார்ந்துட்டார்.

எனக்குப் பொறுக்கல. சமையலறைக்குப் போய் ஒரு கடுகை எடுத்துட்டு வந்தேன். "இந்தாங்க. மீசை போட்டா எவனுக்குத் தெரியப்போகுது?"

"பெட்டியில இருக்கறதை மட்டும்தான் ஒட்டணும்மா. கண்டுபிடிச்சா வெளிய அனுப்பிடுவாங்க."

"ஆபத்துக்குப் பாவமில்லை. ஒட்டுங்க."

ஒட்டினார். போனோம். நடுவர் கண்ணுல பூதக்கண்ணாடியைச் சொருகிக்கிட்டுக் குனிஞ்சார். "விமானிக்கு மூக்கைக் காணோமே?"

கூப்பிடாமலே பல் டாக்டர் வந்து எட்டிப் பார்த்தார். "சார், இது கடுகு."

இவர் முகம் செத்துப்போச்சு. என்னாலதானேன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

"அம்மா, அப்படியே இருங்க, அசையாதீங்க," நடுவர் குரல். "உங்க கழுத்துல இருந்து ஒருத்தர் மீசையோட என்னைப் பார்க்கிறார்."

அடப்பாவி! அது கொசு இல்லையா?

"போட்டி முடியுற மணி அடிக்கிறதுக்குள்ள ஒட்டிட்டா சேர்த்துக்கிறேன்"னார் நடுவர். பல் டாக்டர் பையிலேர்ந்து கொக்கி மாதிரி ஒண்ணை உருவினார். "நகருங்க, நான் நோண்டி எடுத்துடறேன்."

இவர் குறுக்க வந்து நின்னுட்டார். "வேண்டாம் டாக்டர். தோலோட பிச்சுக்கிட்டு வரும், அவளுக்கு வலிக்கும். நான் விலகிக்கிறேன்."

இந்த மனுஷன்கிட்டயா ஒரு இடுக்கிக்காகக் கத்தினேன்? பின்னாடி கையை விட்டேன், பிடிச்சு ஒரே இழு. உயிர் போய்த் திரும்பி வந்துச்சு. "இந்தாங்க, ஒட்டுங்க!"

இவர் கடுகைச் சுரண்டிப் போட்டுட்டு, கையோட கொண்டுவந்த பசையால அவசர அவசரமா ஒட்டி முடிச்சார். மணி அடிச்சது. அப்புறம்தான் பார்த்தோம். விமானம் முன்னாடி போகுது, விமானி வாலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார். அந்தப் பசைக்கு இனி திருப்பினா கழுத்து ஒடியும்.

"நல்ல முயற்சி"ன்னார் பல் டாக்டர்.

நடுவர் ரொம்ப நேரம் குனிஞ்சு பார்த்தார். "ஏன் சார், இவர் எதுக்குத் திரும்பிப் பார்க்கிறார்?"

இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "பின்னாடியிருந்து 'ஏங்க'ன்னு யாரோ கூப்பிட்டிருக்காங்க, சார்."

நடுவர் கண்ணாடியைக் கழட்டிட்டார். சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டார். கப்பை எங்க மேசையில கொண்டுவந்து வச்சு, "மத்த விமானியெல்லாம் பொம்மை. இவர் ஒருத்தர்தான் கல்யாணம் ஆனவர்"னார்.

இவர் கப்பைக் கையில வாங்கிக்கிட்டு, திக்குத் தெரியாம வாசல் பக்கம் நடக்க ஆரம்பிச்சுட்டார். போட்டோ எடுக்க வேண்டாமா? ஹாலோட இந்தக் கோடியிலிருந்து, "ஏங்க!"ன்னு கூப்பிட்டேன்.

அங்க இருந்த அத்தனை ஆம்பளையும் வெடுக்குன்னு திரும்பினாங்க. முதல் ஆளா திரும்பினது பல் டாக்டர்தான்.