நாலு மூலைக் கம்பியும் ஆறடி ஜன்னலும்

1.

ஒரு வாக்குவாதத்தில் ஜெயிப்பதற்காகத்தான் இந்தக் கதையை எழுத ஆரம்பித்தேன். எதிராளி என் அம்மா. நேரில் பேசினால் அவளிடம் ஜெயிக்க முடியாது. காகிதத்துக்கு வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். நாங்கள் வீடு கட்டினோம். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை கட்ட முடிகிறவர்கள் கட்டுகிற வீடு: இரண்டு அறை, சமையல்கட்டு, மேலே தகடு. புயல் தாங்குகிற மாதிரி கட்டக் கூடுதலாக ஒரு தொகை வேண்டும். ஏறக்குறைய அதே தொகைக்குத் தெருவைப் பார்த்து ஆறடி அகலத்தில் ஒரு கண்ணாடி ஜன்னல் வைக்கலாம். கையில் இருந்தது ஒன்றுக்குத்தான். நான் கம்பி என்றேன். அம்மா ஜன்னல் என்றாள்.

(எங்கள் வம்சத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். கட்டடப் பொறியியல். அதனால் வீட்டில் மிக்ஸி நின்றுபோனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் படித்த ஒரே விஷயத்தில் மட்டும் என் பேச்சைக் கேட்க மாட்டார்கள்.)

2.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்.

"காற்று ஊளையிட்டது. கூரைத் தகடு ஒன்று—"

வேண்டாம். ஊளையிடாத காற்றை இதுவரை எந்தக் கதையிலும் நான் படித்ததில்லை.

"புயல் தாங்கும் வீடு என்பது ஒரு சங்கிலி. கூரையைச் சுவரோடும் சுவரை அடித்தளத்தோடும் கம்பியால் கட்டினால் காற்று எதைத் தூக்கினாலும்—"

இது அலுவலகத்தில் வாடிக்கையாளர்களிடம் நான் ஒப்பிப்பது. அவர்கள் தலையாட்டிவிட்டு, அந்தப் பணத்தில் முகப்புக்குப் பளிங்கு ஒட்டச் சொல்வார்கள்.

"என் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது."

இது பொய். ஆனாலும் அடிக்காமல் விட்டுவைக்கிறேன். வீடு கட்டிய அந்த ஐந்து மாதமும் இந்த ஒரு வாக்கியத்தை மனசில் வைத்துக்கொண்டுதான் அவளிடம் பேசினேன்.

3.

சுவர் இடுப்பளவு வந்திருந்தது. நாலு மூலையிலும் அடித்தளத்திலிருந்து கம்பிகள் ஆள் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தன. அவ்வளவு தூரத்துக்கு நான் சண்டை போட்டு வாங்கியிருந்தேன். அவற்றைச் சுவரோடு மேலே ஏற்றி, உச்சியில் சுற்றிலும் ஒரு கான்கிரீட் பட்டை போட்டு, அதில் கூரைச் சட்டத்தை போல்ட்டால் இறுக்க வேண்டும். அதுதான் அந்தக் கூடுதல் செலவு. அம்மா அதில் ஒரு கம்பியில் தன் சாப்பாட்டுப் பையை மாட்டியிருந்தாள்.

மேஸ்திரியை எல்லாரும் 'நூல்' என்பார்கள். அவர் நூல் பிடித்துக் கட்டிய சுவரில் ஒரு செங்கல்கூட வரிசை தப்பாது.

"நாளைக்கு ஜன்னலுக்கு வாய் விடணும்," என்றார் நூல். "மூணடியா ஆறடியா? மூலைக் கம்பிய மேல ஏத்தவா, மடக்கி விட்டுடவா? இன்னைக்கே சொல்லிடுங்க. கலவை போட்டுட்டா அது யாரு பேச்சையும் கேக்காது."

"ஏத்துங்க," என்றேன்.

"ஆறடி," என்றாள் அம்மா.

"அம்மா, பெரிய கண்ணாடி உடைஞ்சா காத்து உள்ள வந்துடும்."

"காத்து உள்ள வரணும்னுதாண்டி ஜன்னலே கேக்கறேன்."

நூல் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"உள்ள வர்ற காத்து கூரைய அடியிலேர்ந்து தூக்கும். ஏழு வருஷத்துக்கு முன்னாடி வாடகை வீட்டுக் கூரை போச்சே, மறந்துட்டியா?"

"மறக்கல. அந்த வீட்டுல ஜன்னலே கெடையாது. அப்பவும் தூக்கிட்டுத்தான் போச்சு."

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. தகட்டின் ஓரம், சாய்வு, ஆணி, எல்லாம் சொல்லியிருப்பேன். ஆனால் அப்பா சிரித்துவிட்டார். அப்பா லாரி ஓட்டுபவர். வீட்டில் மட்டும் இரண்டு பக்கமும் இண்டிகேட்டர் போடுவார்.

"ரெண்டு பேர் சொல்றதும் நியாயந்தான்," என்றார்.

"நீங்க லாரிக்கே போங்க," என்றோம் இரண்டு பேரும். அன்று நாங்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

அம்மா பத்து மாடி அலுவலகம் ஒன்றில் சுத்தம் செய்கிற வேலை பார்க்கிறாள். அவள் மேஸ்திரியைப் பார்த்து, என்னிடம் சொன்னாள்: "பதினெட்டு வருஷமா ஊரான் கண்ணாடியத் தொடச்சாச்சு. உள்ள நின்னு பாத்தா தெரு எப்படி இருக்கும்னு பாக்க நேரமில்ல. சூப்பர்வைசர் வந்துடுவான். எனக்குன்னு ஒண்ணு வேணும். உன் கம்பி சுவத்துக்குள்ள போயிடும். அது இருக்கா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

4.

இங்கே கதையை நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். கம்பி தேவையா இல்லையா என்று புயல் வந்தால்தான் தெரியும் என்பார்கள். வந்தாலும் தெரியாது. வீடு நின்றால், "இந்தத் தடவை காத்து அவ்வளவா இல்ல," என்பார்கள். ஒழுங்காக வேலை செய்த கம்பிக்கு நல்ல பெயரே கிடைக்காது. எனக்கு அந்தக் கம்பியைப் பிடிக்கும். காரணத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

இப்போது முடிவுகள். நான் எழுதிக் கிழித்தவை.

முடிவு ஒன்று: கம்பி போட்டோம், புயல் வந்தது, தெருவில் எங்கள் வீடு மட்டும் நின்றது. "பொண்ணு படிச்சு என்ன கிழிக்கப்போறா" என்று சொன்ன பக்கத்து வீட்டு டெய்லர் அக்கா, நனைந்துபோய் எங்கள் கதவைத் தட்டினாள். நான் திறந்தேன். (இதை எழுதும்போது எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. அதனால்தான் கிழித்தேன். நாலு வரியில் ஜெயிப்பதற்காக ஒரு தெருவையே இடித்திருக்கிறேன். இந்தக் கதையில் வானிலை என் கையில் இருக்கிறது என்பதற்காக அப்படிச் செய்யலாமா.)

முடிவு இரண்டு: அன்று சாயங்காலம் அம்மா தனியாக மேஸ்திரியிடம் போய், "பொண்ணு சொல்றபடியே செஞ்சுடுங்க," என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் து—

இல்லை. கதைகளில் அம்மாக்கள் விட்டுக்கொடுத்தது போதும். என் அம்மா பஸ்ஸில் சீட்டைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டாள்.

5.

நடந்தது இது.

அம்மா பையைக் கம்பியிலிருந்து எடுத்தாள். கிளம்பப் போகிறாள் என்று நினைத்தேன். மேஸ்திரி பக்கம் திரும்பினாள்.

"எங்க ஆபீஸ்ல மூணாவது மாடியில ஒரு வாசல மூடியிருக்காங்க. பெயிண்ட் அடிச்சு ஒண்ணும் தெரியாது. ஆனா தொடைக்கறப்ப கைக்குத் தட்டும். நேர்கோடா ஒரு வெடிப்பு மேல போயி, குறுக்க போயி, கீழ எறங்கும். உள்ள வாசல் அப்படியேதான் இருக்குமா?"

"இருக்கும்மா. பக்கத்துச் செங்கலோட பல்லு பிடிக்காம, ஒண்ணோட ஒண்ணு கோக்காம கட்டியிருப்பாங்க. வேணுங்கறப்ப தட்டி எடுத்துக்கலாம்னு."

"அப்ப ஆறடிக்கு வாய் விடுங்க. மேல சுவரத் தாங்கற கல்ல இப்பவே போட்டுடுங்க. நடுவுல மூணடி இப்ப. மீதிய செங்கல் வெச்சு அடைங்க."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் என் பட்டத்தைப் பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு வருடம் படித்ததில் இது எனக்குத் தோன்றவில்லை.

"பல்லு பிடிக்காத சுவரு காத்துக்கு நிக்காது," என்றேன். ஏதாவது சொல்ல வேண்டுமே. ஆனால் அது நிஜமும்கூட.

"அப்ப நிக்கறதுக்கு வழி சொல்லு. அதுக்குத்தானே படிச்ச."

யோசித்தேன். குறுக்கே மெல்லிய கம்பி, மூன்று வரிசைக்கு ஒன்று. திறக்கும்போது அறுத்துவிடலாம். சொன்னேன். நூல் தலையாட்டினார்.

"நடுவுல மூணடிகூட வேணாம்," என்றாள் அம்மா திடீரென்று. "முழுசா அடைச்சுட்டு, இருக்கற காசுல கம்பிய ஏத்துங்க. அரைகுறையா வெச்சா இவ அதோட விட்டுடுவா. சமையல்கட்டு ஜன்னல் போதும் இப்போதைக்கு." என் பக்கம் திரும்பினாள். "எப்ப திறப்ப?"

"ரெண்டு வருஷத்துல."

"வாயால சொல்லாத. எழுது."

சுவர் முடிந்து உள்பூச்சு ஈரமாக இருந்த அன்று, ஓர் ஆணியை என் கையில் கொடுத்தாள். ஜன்னல் திறக்கப்போகிற தேதி, மாதம், வருடம் கீறினேன். பெயிண்ட் அடித்தவரை அந்த இடத்தைத் தொடவிடவில்லை.

6.

அது நடந்து மூன்று வருடமாகப் போகிறது. புயல் வரவில்லை. கீறிய தேதி தாண்டிப் பத்து மாதம்.

முன்னறைச் சுவரில் ஆறடிக்குத் திரை தொங்குகிறது. நீலம். அம்மா தைக்கக் கொடுத்தது, வேறு யாரிடம், அந்த டெய்லர் அக்காவிடம்தான். ஒருநாள் அவள் வந்து உட்கார்ந்து, "என்னக்கா, பட்டப்பகல்ல இருட்டா வெச்சிருக்கீங்க," என்று திரையை விலக்கினாள். வெறும் சுவர்.

"ஏன்க்கா, சுவத்துக்கா திரை தெக்கச் சொன்னீங்க?"

"ஜன்னலுக்குத்தான். ஜன்னல் இன்னும் வரல," என்றாள் அம்மா. சண்டையில்லாத குரலில். அதுதான் எனக்கு உறைத்தது.

இப்போது ஜன்னலுக்கும் கண்ணாடிக்கும் பணம் சேர்ந்திருக்கிறது. புயல் அன்று கண்ணாடியை மூடிக் காக்கிற இரும்புக் கதவுக்கு இல்லை. அதற்கு இன்னும் ஒரு வருடம். புயல் மாதங்கள் தொடங்க ஏழு வாரம். நூல் இந்த வாரம் சும்மா இருக்கிறார்.

"கதவு அப்பறம் போட்டுக்கலாம்," என்கிறாள் அம்மா. "எனக்குக் கண்ணு நல்லா இருக்கறப்பவே தெருவ பாத்துக்கறேன்." போன மாதம் அவளுக்குக் கண்ணில் புரை இருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். அதை அவள் வாதமாகப் பயன்படுத்தவில்லை. ஒருமுறைதான் சொன்னாள், கீரை ஆய்ந்துகொண்டே.

"கதவில்லாமத் திறந்தா கம்பி போட்டதே வீண்," என்று நான் சொல்ல வேண்டும். அது உண்மை. மூன்று வருடத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே உண்மை. கூடுதல் செலவு தகுமா என்கிற கேள்வியை அன்றைக்கே முடித்துவிட்டதாக நினைத்திருந்தேன். செங்கல் வைத்து அடைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

இந்தக் கதையில் வானிலை என் கையில் என்றேன் அல்லவா. ஏழு வாரம் கழித்து ஒரு புயலை அனுப்பினால் நான் சொன்னது சரியாகிவிடும். அனுப்பாமல் விட்டால் அம்மா இன்னொரு வருடத்து வெளிச்சத்தைச் சும்மா இழந்தவள் ஆவாள். இரண்டையும் நான் எழுதப்போவதில்லை.

இன்று காலை அம்மா வேலைக்குக் கிளம்பும்முன் திரையை விலக்கி, சுவரை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தாள். பிறகு ஆணியைத் தேதிக்குப் பக்கத்தில், பூச்சில் இருந்த சின்னப் பள்ளத்தில் சொருகிவிட்டுப் போனாள்.

பழைய தேதிக்குக் கீழே புதுத் தேதிக்கு இடம் இருக்கிறது: கதவில்லாமல் இந்த வாரமா, கதவோடு அடுத்த வருடமா. பூச்சு காய்ந்துவிட்டதால் கொஞ்சம் அழுத்திக் கீற வேண்டும். அவள் வர ஐந்து மணி ஆகும். எனக்குக் கை வரவில்லை. நீங்கள் எழுதுங்கள்:

____ தேதி, ____ மாதம், ____ வருடம்.

ஒன்று மட்டும். அவள் வந்ததும் விரலால் தடவிப் பார்ப்பாள். அழிக்க முடியாதபடி எழுதுங்கள்.