தேதித்தாளின் பின்பக்கம்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அச்சகத்து வாசலில் பெத்தணன் அத்தான் வந்து நின்றபோது, யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அவர் என் புருஷனின் அண்ணன். ஆனைக்குட்டத்தில் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவர் பெண்டாட்டி முத்துமாரியம்மாள் குளித்த தண்ணீரை என் வாசல் வழியே ஓடவிட்டாள். நான் சிமெண்டு வைத்து அடைத்தேன். அன்றைக்கு அவள் நடுத்தெருவில் நின்று என் மகளைப் பற்றிச் சொன்ன வார்த்தைக்கு அவள் நாக்கு அழுகணும் என்று வேண்டிக்கொண்டேன். இன்றுவரை அந்த வேண்டுதலை நான் வாபஸ் வாங்கவில்லை.

"மீனா, ஒன்னால ஒரு காரியம் ஆகணும்" என்றவர், சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். தினசரி காலண்டரில் கிழித்தது. முன்னால் தேதி, ராகுகாலம். பின்னால் பெண்கள் நலக் குறிப்பு. "இது ஒங்க கம்பெனி காலண்டர்தான?"

எங்களுடையதுதான். முந்நூற்று அறுபத்தைந்து தாளின் பின்பக்கக் குறிப்புகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை.

சாப்பாட்டுத் தூக்கை மூடி ஓரமாக வைத்துவிட்டு அவர் சொல்வதைக் கேட்டேன். பங்குனியில் முத்துமாரி வேலை பார்க்கும் பட்டாசு ஆலைக்கு மருத்துவ முகாம் வந்திருக்கிறது. கர்ப்பப்பை வாயில் வெள்ளையாகத் திட்டு தெரிகிறது, புற்றுநோய் என்று இப்போதே சொல்ல முடியாது, விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குப் போய் முழுசாகப் பாருங்கள், சீக்கிரம் போனால் சின்ன வைத்தியத்தோடு முடிந்துவிடலாம் என்று நர்ஸ் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். இரண்டு தடவை போனும் செய்துவிட்டாள். இவள் போகவில்லை. சித்திரையில் இந்தத் தாள் கண்ணில் பட்டதிலிருந்து காரட்டும் கீரையுமாகத் தின்றுகொண்டிருக்கிறாள். இது ஆடி.

"காலண்டர்ல பொய்யா போடுவாகன்னு சொல்லுதா. நான் சொன்னா எங்க கேக்கா? எளுதுனவுக வந்து சொன்னாலாவது கேப்பாளோ என்னமோ."

தாளைப் பிரித்தேன். 'காரட், கீரை, தக்காளி, மாதுளை தினமும் சேர்த்துவந்தால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் அண்டாது.'

காலண்டருக்குக் குறிப்பு எழுதித் தரும் டாக்டர் தந்தது இது இல்லை. அவர் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார். நல்ல சாப்பாடு உடம்புக்குத் தெம்பு தரும், நோய் வரும் வாய்ப்பைக் குறைக்க ஓரளவு உதவலாம். ஆனால் இந்த நோய் வருவது பெரும்பாலும் ஒரு வைரஸால். பெண்பிள்ளைகளுக்குத் தடுப்பூசியும், முப்பது தாண்டியவர்களுக்குச் சோதனையும்தான் முக்கியம். எங்கள் முதலாளி நல்லசிவம் அண்ணாச்சி அதைப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "மேல முருகன் படம் போட்டுருக்கோம். அதுக்குப் பின்னால இந்தச் சோதனைக் கதையெல்லாம் எதுக்கு? சாப்பாட்ட மட்டும் வையி. நாலு வரிதான்." வைத்தேன். 'வாய்ப்பைக் குறைக்க ஓரளவு உதவலாம்' என்பது ஐந்தாவது வரிக்கு ஓடியது. அதை எடுத்துவிட்டு 'அண்டாது' என்று போட்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அண்ணாச்சியை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், ஆனால் அந்த ஒரு சொல் என்னுடையது. அவளைச் சபித்திருக்கிறேன், சாகவேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

சாயங்காலம் அவள் வீட்டுப் படியேறினேன். கருவாடு இல்லாமல் ஒருவேளை சாப்பிடாதவள், முறத்தில் முருங்கைக்கீரையைப் போட்டு ஆய்ந்துகொண்டிருந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

"எவ அவ, வழிதப்பி வந்தவ?" என்றாள் சுவரைப் பார்த்து.

"அக்கா, அந்தக் காலண்டர்ல போட்டது தப்பு. கீரை நல்லதுதான், தின்னுங்க. ஆனா வந்த திட்டை அது எடுக்காது. ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"தப்புன்னு சொல்ல நீ யாரு? அம்புட்டும் படிச்ச டாக்டர் எளுதுனது."

"டாக்டர் எளுதல. நாந்தான் எளுதுனேன்."

அவள் கை நின்றது. மூன்று வருஷத்தில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள். முதலில் கண்ணில் பயம்தான் தெரிந்தது. பிறகு எனக்கு நன்றாகப் பழகிய அந்தப் பார்வை வந்தது.

"நான் சாகட்டும்னு எளுதுனியா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொன்னால் நம்பமாட்டாள். காலில் விழுந்தால் காலை இழுத்துக்கொண்டு மறுபடி கீரை ஆய உட்கார்ந்துவிடுவாள். கெஞ்சினால் மசிகிற ஆளா அவள்? இருபது வருஷமாகப் பார்க்கிறேன்.

"ஆமா" என்றேன். "சாகணும்னுதான் எளுதுனேன். எங்கனயும் போகாதீக, இங்கனயே கெடங்க. ஒங்களுக்குப் பதினாறு முடிஞ்சதும் அந்த வாய்க்கால நல்லா சிமெண்டு போட்டு அடைக்கணும்."

அந்தத் தாள் போன வருஷமே அச்சாகிவிட்டது, அவளுக்குத் திட்டு தெரிந்தது இந்தப் பங்குனியில். ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் என் பொய் பிடிபட்டிருக்கும். யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. முறம் என் தோளில் வந்து விழுந்தது. தலையெல்லாம் கீரை.

"என் எளவப் பாக்கவா வந்த? ஒன்னய எடுத்துப் போட்டுட்டுத்தாம்ட்டி நான் போவேன்! எந்த டாக்டர்ட்ட போகணுமோ போறேன், பாத்துக்கிட்டே இரு!"

தெருவே கூடிவிட்டது. அத்தான் தலையைக் குனிந்தபடி நின்றார். என் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் அழுகை வந்தது. நாலு மாசம் வீணாகிவிட்டது. அதற்குள் அந்தத் திட்டு வேறு ஏதாவது ஆகியிருந்தால், நான் அவளிடம் கடைசியாகப் பேசியது அந்த 'ஆமா'வாக இருக்கும்.

மறுநாள் காலையில் நான் பஸ் நிறுத்தத்துக்குப் போனபோது அவள் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். கையில் மஞ்சள் பை, பைக்கு வெளியே நர்ஸ் கொடுத்த சீட்டு நீட்டிக்கொண்டிருந்தது. விருதுநகர் பஸ் வந்தது. அத்தானை முன்னால் ஏற்றிவிட்டுத் தானும் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். டாக்டர் என்ன சொன்னாலும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்கத் துடித்தேன். கேட்டால் இறங்கினாலும் இறங்கிவிடுவாள். அதனால் முடிந்த மட்டும் முறைத்தேன்.

பஸ் நகர்ந்ததும் தலையை வெளியே நீட்டித் துப்பினாள். எச்சில் என் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. பஸ் வளைவில் திரும்பும்வரை தலையை உள்ளே இழுக்காமல் என்னையே முறைத்துக்கொண்டு போனாள்.