பின்பக்கத்தின் விலை

முதல் அடி மூக்கில் விழுந்தது. இரண்டாவது எங்கே விழுந்தது என்று அஞ்சல்தலைத் தரகருக்குத் தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது அவருடைய வலது கை, மணிக்கட்டில் நைலான் கயிற்றோடு, காகிதம் வெட்டும் மேசைக்கத்தியின் பலகையில் கிடந்தது. நான்கு விரல்களும் கத்திக்குக் கீழே இருந்தன. கத்தியின் கைப்பிடியைத் தூக்கிப் பிடித்தபடி, அவரிடம் சரக்கு வாங்கிய சிமெண்ட்காரரின் தம்பி நின்றான்.

தரகருடைய கடையின் ஷட்டரை உள்ளேயிருந்து இறக்கிவிட்டிருந்தார்கள். வெளியே பகல் நேரத்து வண்டிகள் ஹாரன் அடித்தன. கத்தினால் யாருக்கும் கேட்காது. கத்திப் பார்த்தாயிற்று.

சிமெண்ட்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைக் கையில் ரத்தம் தெறித்திருந்ததைப் பார்த்து முகம் சுளித்தார்.

“புதுச் சட்டைய்யா. உன் மூக்கு என்ன தண்ணிக் குழாயா?”

தம்பி சிரித்தான். அண்ணன் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டான்.

விவகாரம் ஓர் அஞ்சல்தலை. ஓரச் சட்டம் பச்சை, நடுவில் பறவை சிவப்பு. இரண்டு நிறத்துக்கு இரண்டு முறை அச்சடிக்க வேண்டும். இரண்டாம் முறை எவனோ தாளைத் திருப்பிப் போட்டுவிட்டான், பறவை தலைகீழாகத் தொங்கியது. தவறைக் கண்டுபிடித்து மிச்சத்தை எரிப்பதற்குள் பல தலைகள் கொண்ட ஒரே ஒரு தாள் ஏதோ ஓர் அஞ்சலகத்தில் விற்றுப்போனது. வாங்கியவர்கள் பெரும்பாலும் பறவையைக் கவனிக்கவேயில்லை. நக்கி, ஒட்டி, பெட்டியில் போட்டார்கள். நாக்குப் படாமல் தப்பியவை மிகச் சில. அப்படித் தப்பிய ஒன்றைத்தான் தரகர் சிமெண்ட்காரரிடம் விற்றிருந்தார். நிலத்தைவிட வேகமாக விலை ஏறும் என்று சொல்லி விற்றார். அவர் பிறரிடம் சொன்ன பொய்கள் ஏராளம். இது அதில் சேராது.

விலை ஏறவும் செய்தது. வெளிநாட்டிலிருந்து வாங்குபவர் சிமெண்ட்காரரின் வீடு தேடி வந்தார். அஞ்சல்தலையை இடுக்கியால் திருப்பி, பின்பக்கத்தை ஒருமுறை பார்த்தார். எழுந்து போய்விட்டார். பசை கெட்டிருக்கிறது என்று மட்டும் வாசலில் சொன்னார்.

“ஊரே சிரிக்குது. எனக்குப் போலிப் பசையைத் தடவி வித்திருக்கே” என்றார் சிமெண்ட்காரர்.

“முதலாளி, முகத்தைப் பார்த்து ஆசைப்படுவாங்க, முதுகைப் பார்த்துத்தான் விலை கொடுப்பாங்க. அது எனக்குத் தெரியாதா? நான் கொடுத்தப்போ பசை அச்சகத்துல தடவினபடி அப்படியே இருந்துச்சு. மூலையில, அசல்தான்னு சோதிச்ச வல்லுநர் பென்சில்ல குறி போட்டிருந்தாரு, கடுகு அளவு.”

“பசைக்கா அவ்வளவு கொட்டிக் கொடுத்தேன்? எங்க வீட்டுல ஒரு பாட்டில் பசை இருக்கு, வாங்கிக்கிறியா? குறியும் இல்ல, கடுகும் இல்ல. டேய், நான் சொன்னதும் அழுத்துடா.”

“ஒரு தடவை பார்க்க விடுங்க. பார்த்துட்டு அழுத்துங்க.”

சிமெண்ட்காரர் யோசித்தார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடித்தாள் உறையை எடுத்து அஞ்சல்தலையைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். தரகர் இடது கையால் பூதக்கண்ணாடியை எடுத்தார். மூக்கு ரத்தம் அஞ்சல்தலை மேல் சொட்டாமலிருக்கத் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

பென்சில் குறி இருந்த மூலை மொட்டையாக இருந்தது. பசை அங்கே ஈரத்தில் ஊறி, இளகி, மறுபடி காய்ந்திருந்தது. காய்வதற்கு முன் யாரோ அதை அழுத்திச் சமன் செய்ய முயன்றிருக்கிறார்கள். முழுக் கட்டைவிரல் ரேகை, நடுவில் குறுக்காக ஒரு வெட்டுத் தழும்போடு, பசையில் பதிந்து இறுகிக் கிடந்தது.

தரகர் நிமிர்ந்தார். கைப்பிடியைப் பிடித்திருந்த கட்டைவிரலில் அதே தழும்பு.

தம்பி அவர் பார்த்ததைப் பார்த்துவிட்டான். கத்தி மெல்ல இறங்கி, நடுவிரல் தோலைத் தொட்டது. தொட்ட இடத்தில் ரத்தம் கோடாகக் கசிந்தது.

“என்னய்யா தெரியுது?” என்றார் சிமெண்ட்காரர்.

இப்போது உண்மையைச் சொன்னால் வாய் மூடுமுன் விரல் போய்விடும்.

“வெளிச்சம் பத்தல முதலாளி. தம்பி அந்த விளக்குக்குக் கீழ பிடிச்சுக் காட்டட்டும்.”

“நான் இதைப் பிடிச்சிருக்கேன்ல?” என்றான் தம்பி.

“குடுடா, நான் பிடிக்கிறேன். போ.”

“அண்ணே, இவன் ஏதோ ஏமாத்துறான்.”

“போடான்னேன்.”

கைப்பிடி கை மாறியது. தம்பி அஞ்சல்தலையை எடுத்துக்கொண்டு மேசையோரத்து விளக்கடிக்குப் போனான். தரகர் பூதக்கண்ணாடியைச் சிமெண்ட்காரரிடம் நீட்டினார்.

“அந்த மூலையைப் பாருங்க முதலாளி. அப்புறம் தம்பி கையைப் பாருங்க.”

சிமெண்ட்காரர் எட்டிக் குனிந்து பார்த்தார். அந்தத் தழும்பைச் சிறுவயதில் போட்டதே அவர்தான்.

“மூலையில அழுக்கா இருந்துச்சுண்ணே” என்றான் தம்பி. குரல் சின்னப் பையன் குரலாகிவிட்டது. “ஆளு வர்றாங்க, எல்லாத்தையும் துடைச்சு வைன்னு நீதானே சொன்னே? காரைத் துடைச்சேன், மேசையைத் துடைச்சேன்...”

சொல்லிக்கொண்டே அஞ்சல்தலையை வாயில் போட்டுக்கொண்டான்.

சிமெண்ட்காரர் கைப்பிடியை விட்டுவிட்டுப் பாய்ந்தார். விழுந்த கத்தியைத் தரகரின் இடது கை பாதியில் பிடித்தது. கயிற்றை அவிழ்க்க அந்தக் கை வேண்டும். கத்தியைத் தாங்கவும் அதே கைதான். தாங்கிக்கொண்டு நின்றார். நின்றபடி பார்த்தார்.

அண்ணன் தம்பியின் வாய்க்குள் இரண்டு கை விரல்களையும் திணித்துப் பிளந்தார். தம்பி கடித்தான். அண்ணன் அலறி, காகிதம் பறக்காமலிருக்க மேசையில் வைத்திருந்த இரும்புத் துண்டை எடுத்து வாயிலேயே அடித்தார். தம்பி அவரைவிட ஒரு சுற்றுப் பெரியவன், ஆனால் கை ஓங்கவில்லை. தலையை மட்டும் மறைத்துக்கொண்டான். மறுபடி அடித்தார். பல் தரையில் தெறித்து உருண்டது. ஒவ்வொரு அடிக்கும் மேசை குலுங்கியது. தரகரின் இடது தோள் நடுங்க ஆரம்பித்தது. கத்தி நகத்தைத் தட்டியது.

கடைசியில் தம்பி பக்கவாட்டில் சரிந்து, ரத்தத்தோடு இருமிக் கிடந்தான். சிமெண்ட்காரர் அவன் வாய்க்குள்ளிருந்து பிடுங்கியதைக் கொண்டுவந்து பலகையில் வைத்தார். சிவப்பாக ஓர் உருண்டை. பறவை எது, சட்டம் எது என்று பிரிக்க முடியாது. அவருடைய ஆள்காட்டி விரலில் சதை பிய்ந்து தொங்கியது. அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

“பாருய்யா” என்றார், மூச்சு வாங்கியபடி. “ஏதாச்சும் தேறுமா?”

இரும்புத் துண்டு இன்னும் அவர் கையில்தான் இருந்தது. தரகர் அந்த உருண்டையை நன்றாகப் பார்த்தார். தேறாது. அடுப்பில் போடக்கூட ஆகாது.

“தேறும் முதலாளி” என்றார். “மெதுவாப் பிரிக்கணும். ஆனா ரெண்டு கையும் வேணும்.”

சிமெண்ட்காரர் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.