கண்டென்சர் மைக் 1

என் கணவர் எலக்ட்ரீஷியன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உலகமே வயரும் சுவிட்சும்தான் என்று நினைக்கிறாரே, அதில்தான் குறை. எனக்குத் தலை சுற்றுகிறது என்றால்கூட, "எங்கேயோ லூஸ் கனெக்‌ஷன், கொஞ்சம் படு, சரியாயிடும்" என்பார். அப்பேர்ப்பட்ட மனுஷனிடம் இசைச் சாமான் பட்டியலைக் கொடுத்து அனுப்பியது யார்? நான்தான். என் புத்தியை என்னவென்று சொல்ல!

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களைப் போட்டுச் சுற்றுகிற மெஷின் பக்கத்திலேயே நாள் முழுக்க நிற்கிறேன். அது ஓடி அடங்கும்போது ஊ...ம் என்று ஒரு சத்தம் மேலேயிருந்து கீழே இறங்கும். அதைக் கேட்டுக் கேட்டு என் தலைக்குள் மெட்டு ஓட ஆரம்பித்து நாலு வருஷம் ஆகிறது. வீட்டுக்கு வந்ததும் போனில் ஓர் இலவச ஆப்பைத் திறந்து, கட்டைவிரலால் தட்டித் தட்டி அதைச் சேர்த்து வைப்பேன். ஊரில் இதை எலக்ட்ரானிக் இசை என்கிறார்கள். என் நாத்தனார் இதற்கு வைத்த பெயர் 'டொய்ங் டொய்ங்'.

அவள் நடனப் பள்ளி நடத்துகிறாள். நான் எதைக் கேட்கக் கொடுத்தாலும் அரை நிமிஷத்தில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "நல்லா இருக்கு அண்ணி, மிச்சத்தை அப்புறம் கேக்கறேன்" என்பாள். அந்த அப்புறம் இன்றுவரை வரவில்லை.

இந்தத் தடவை அவளுக்கே தேவை வந்தது. ஆண்டு விழாவுக்குப் பழைய பாட்டையே எத்தனை தடவை ஆடுவது என்று பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்களாம். "சனிக்கிழமை சாயங்காலம் வர்றேன் அண்ணி. நாலு நிமிஷத்துக்கு ஏதாவது பண்ணி வையுங்க. பிடிச்சா எடுத்துக்கறேன். பிடிக்கலைன்னா, சாமி சத்தியமா, இனிமே என்னைக் கேக்கச் சொல்லக் கூடாது!" என்றாள்.

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. என் மெட்டு ஒரே ஒரு தடவையாவது நாலு பேர் காதில் விழ வேண்டும். விழாவிட்டால் இந்த ஆசையை மூட்டை கட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஸ்டோர் ரூமைக் காலி செய்தேன். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் என்ன வாங்க வேண்டும் என்று மூன்று மாதமாகப் படித்து வைத்திருந்தேன். கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கக் கூடாது. பழைய லேப்டாப் போதும், கூட ஐந்தே பொருள். அதையும் பார்த்துப் பார்த்து எழுதினேன்: மானிட்டர் 2, கீபோர்டு 25 கீ, இன்டர்ஃபேஸ் 1, கண்டென்சர் மைக் 1, ஹெட்போன் 1. மானிட்டர் என்றால் இசைக்காரர்கள் பாஷையில் ஸ்பீக்கர். இன்டர்ஃபேஸ் என்பது மைக்கை லேப்டாப்போடு சேர்க்கிற சின்னப் பெட்டி. கண்டென்சர் மைக் என்றால் ஊசி விழுந்தாலும் பிடிக்கிற மைக். இதெல்லாம் எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும் என்று எப்படி நினைத்தேனோ, தெரியவில்லை.

வியாழக்கிழமை எனக்கு லீவு கிடைக்கவில்லை. "என்கிட்ட விடு. கடைக்காரன் நம்ம ஆளு. அவன் கடைக்கு வயரிங் பண்ணினதே நான்தான்" என்று பட்டியலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போனார். அது கம்ப்யூட்டர் கடை என்று சாயங்காலம்தான் தெரிந்தது.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது ஸ்டோர் ரூம் வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் பெருமை தாங்கவில்லை. உள்ளே மேஜைமேல் இரண்டு கம்ப்யூட்டர் திரைகள் நின்றன.

"மானிட்டர் ரெண்டு! ஒண்ணு போதாதான்னு கடைக்காரன் கேட்டான். என் பொண்டாட்டி ரெண்டு கேட்டிருக்கா, எடுடான்னுட்டேன்."

"கீபோர்டு?" என்றேன்.

டைப் அடிக்கிற கீபோர்டைத் தூக்கிக் காட்டினார். "நீ இருபத்தஞ்சு கீதான் கேட்ட. இதுல நூத்தி நாலு இருக்கு!"

"இன்டர்ஃபேஸ்?"

"அதைக் கடையிலயா வாங்குவாங்க? மெயின் போர்டுலேர்ந்து இந்த ரூமுக்குத் தனி ஃபேஸ் இழுத்துட்டேன். பாரு, தனி சுவிட்ச் வேற. இனிமே பக்கத்து ரூம்ல எது ஓடினாலும் உனக்குக் கரண்ட் குறையாது."

சுவரில் புது வயர் நூல் பிடித்தாற்போல ஓடியது. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

"கண்டென்சர் மைக்காவது வாங்கினீங்களா?"

"ஐயோ, அதைக் கேளு! எந்தக் கடையிலயும் ஒரு மைக்ரோ இல்ல. எல்லாவனும் ரெண்டரைதான் வச்சிருக்கான். கடைசில நம்ம டப்பாவுலயே இருந்துச்சு."

சீலிங் ஃபேனுக்குள் ஒரு சின்ன டப்பி இருக்கும், அதற்குப் பெயரும் கண்டென்சர்தான். அதன் அளவை மைக்ரோ என்பார்கள். அளவு குறைந்தால் ஃபேன் வேகமும் குறையும். கழற்றிப்போட்ட பழைய கண்டென்சர்களை ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வைத்திருக்கிறார். கல்யாணம் ஆன நாளாக அதைத் தூக்கி எறியச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"நீதானே எழுதியிருக்க, கண்டென்சர், மைக் ஒண்ணுன்னு. 'ரோ' விட்டுப்போச்சு, பரவாயில்ல. எனக்குப் புரியாதா? ஃபேன் சத்தம் பாட்டுல விழக் கூடாது, அதனால மெதுவா ஓடணும். நல்ல மூளைடி உனக்கு! மாட்டிட்டேன்."

நான் மண்டையில் அடித்துக்கொண்டேன். பிறகு வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் பரம்பரையையே இழுத்தேன். ஒவ்வொன்றும் என்னவென்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் சுண்டிப்போனது. கடைக்காரனுக்குப் போன் போட்டார். திரைகளைத் திருப்பி எடுத்துக்கொள்வானாம். இசைச் சாமான் விற்கிற கடைக்கும் கேட்டுச் சொன்னான். சரக்கு அடுத்த வாரம்தான் வருமாம். பட்டியலில் உருப்படியாக வந்தது ஹெட்போன் ஒன்றுதான்.

ஸ்டோர் ரூமில் தரையில் உட்கார்ந்து அழுதேன். சனிக்கிழமை நாத்தனார் சிரிக்கப்போவது இப்போதே காதில் கேட்டது. அவர் என்ன செய்வதென்று தெரியாமல் வாசலில் நின்றார். பிறகு, "காத்தாவது வாங்கும்மா" என்று ஃபேன் சுவிட்சைப் போட்டார். அது நகரவில்லை. துடைப்பத்தின் பின்பக்கத்தால் இறக்கையை ஒரு தள்ளு தள்ளினார்.

டக். கிறீச். டக். கிறீச். டக்.

இறக்கையில் ஏதோ திருகு லூஸ். வேகமாக ஓடினபோது அது வெறும் கடகடப்பாக இருந்தது. இப்போது ஒவ்வொரு டக்கும் தனித்தனியாக, கொஞ்சம் தயங்கி, ஆனால் தவறாமல் வந்தது. என் ஆப்பில் இருக்கிற தாளம் பரேடு போல விறைப்பாக இருக்கும். என் மெட்டு அதன்மேல் உட்காரவே உட்காராது. இதன்மேல் அது தானாகப் போய் உட்கார்ந்தது. அழுகை அப்படியே நின்றுவிட்டது.

"சரி, நாளைக்குப் பழைய கண்டென்சரையே..." என்று ஆரம்பித்தார்.

"வாயை மூடுங்க!" என்று போனை எடுத்து ஃபேனுக்கு நேராகப் பிடித்தேன். இரண்டு நிமிஷம் மனுஷன் மூச்சு விடவில்லை. பதிவானதும், "ஏங்க, இது இன்னும் கொஞ்சம் வேகமா ஓடுமா?" என்று கேட்டேன்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "எவ்வளவு வேணும்? ஒண்ணரை போடவா? ரெண்டு போடவா? பாதி செத்த ரெண்டரை ஒண்ணு இருக்கு, அது தனி ரகம்" என்று பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினார்.

அன்று சாயங்காலமும் மறுநாள் சாயங்காலமும் அவர் கீழே இறங்கவே இல்லை. மெயினை அணைப்பார், மாற்றுவார், துடைப்பத்தால் தள்ளுவார். நான் பதிவு செய்வேன். அந்த டைப் அடிக்கிற கீபோர்டில் எழுத்துகளைத் தட்டினால் லேப்டாப் ஸ்வரம் கொடுக்கும் என்று படித்த ஞாபகம் வந்தது. தட்டினேன், கொடுத்தது. அவரிடம் சொல்லவில்லை. அப்புறம் நூத்தி நாலு, நூத்தி நாலு என்று வருஷம் முழுக்கச் சொல்லிக் காட்டுவார்.

சனிக்கிழமை நாத்தனார் வந்தாள். ஸ்டோர் ரூமுக்குள் கால் வைத்ததும் மேலே பார்த்தாள். "என்னண்ணா இது, எலக்ட்ரீஷியன் வீட்டு ஃபேனா இப்படி டக் டக்னு அடிக்குது? தலை வலிக்குது. முதல்ல அதை ரிப்பேர் பண்ணு!"

நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவர் ஃபேனை அணைத்தார். அவள் கீழே உட்கார்ந்ததும் நான் ஹெட்போனை நீட்டினேன். அரை நிமிஷம் ஆனது. அவள் கை காதுப் பக்கம் போனது. ஆனால் அவள் அதைக் கழற்றவில்லை, இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஒரு நிமிஷத்தில் வலது கால் தரையைத் தட்டியது. இரண்டாவது நிமிஷத்தில் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றப்போய், ஹெட்போன் வயர் இழுத்து லேப்டாப் மேஜையிலிருந்து விழப் பார்த்தது. அவர் பாய்ந்து பிடித்தார்.

நாலு நிமிஷமும் முடிந்தது. "அண்ணி, இந்தத் தாளம் எந்த மெஷின்ல வாங்கினீங்க?" என்றாள்.

அவ்வளவுதான், ஆரம்பித்துவிடுவார் என்று நினைத்தேன். இந்த ஊரில் எரிகிற பல்பெல்லாம் தன்னால்தான் எரிகிறது என்று சொல்கிற மனுஷன். லேப்டாப்பை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றவர், "நான் ஏணியில நின்னேன், அவ்வளவுதான். அது என் காதுக்கு இத்தனை வருஷமா ரிப்பேர் சத்தமாத்தான் கேட்டுச்சு. அவ காதுக்குத்தான் பாட்டா கேட்டுச்சு" என்றார்.

நாத்தனாருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்ததாகவும் தெரியவில்லை. மறுபடி கீழே உட்கார்ந்து ஹெட்போனைச் சரிசெய்துகொண்டாள். "அண்ணி, முதல்லேர்ந்து இன்னொரு தடவை போடுங்க."